அடகுக் கடையில் இருந்த காப்புரிமை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், புதிதாக ஏதாவது செய்துபார்க்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

வீட்டில் தையல் மெஷின் இருந்தால் அதன் ஊசியைக் கவனியுங்கள். கையால் தைக்கும் ஊசிக்குக் காது மேல் முனையில் இருக்கும். மெஷின் ஊசிக்கோ கூர்முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். இந்த ஊசியை வைத்து அமெரிக்காவில் நடந்த காப்புரிமை வழக்குதான் இன்றைய வரலாறு.

நம் ஊர் மெஷின்களில் சிங்கர், மெரிட் என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஐசக் மெரிட் சிங்கர் என்ற ஒரே மனிதரின் பெயரிலிருந்து வந்தவை. ஆனால் அந்த வழக்கில் பணிந்து பணம் கட்டியவர் அவர். பணம் வாங்கியவர் பெயர் எலியாஸ் ஹோவ். இந்தப் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

கதை ஹோவுக்கு முன்பே தொடங்குகிறது. 1830களில் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்ற மெக்கானிக், காது முனையில் உள்ள ஊசியையும் கீழ்நூல் கொண்டு ஓடும் ஷட்டிலையும் சேர்த்து ஒரு மெஷின் செய்தார். மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் அதே தையல்தான். இதை வைத்துத் தொழில் செய்யலாமே என்று மகளிடம் சொன்னாராம். தையல் வேலையை நம்பிப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் பிழைப்பு கெட்டுவிடும் என்று அந்தப் பெண் மறுத்துவிட்டாளாம். காரணம் அதுவோ வேறோ, ஹன்ட் அப்போது காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. நாம் சேலைக்குக் குத்தும் சேஃப்டி பின்னும் அவருடைய கண்டுபிடிப்புதான். 1849-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார்.

எலியாஸ் ஹோவ் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். ஏழை மெக்கானிக், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஜார்ஜ் ஃபிஷர் என்ற நண்பர் இருக்க இடமும் 500 டாலரும் கொடுத்து, கண்டுபிடிப்பில் பாதிப் பங்கை எழுதி வாங்கிக்கொண்டார். 1845-ல் பாஸ்டன் நகரத்துத் துணி ஆலையில் ஒரு போட்டி. வேகமாகத் தைக்கும் ஐந்து பெண்களுக்கு ஆளுக்கொரு தையல்; ஹோவின் மெஷினுக்கு மட்டும் ஐந்து. மெஷின்தான் முதலில் முடித்தது. 1846 செப்டம்பர் 10-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் வாங்க ஆள் வரவில்லை. ஒரு மெஷின் சுமார் 300 டாலர் ஆகும். தையல்காரர்களுக்கோ வேலை போய்விடும் என்ற பயம். கடைசியில் லண்டனில் இடுப்புக் கச்சை தயாரித்த ஒரு முதலாளிக்கு 250 பவுனுக்கு இங்கிலாந்து உரிமையை விற்றார்கள். ஹோவும் அங்கே போய் அவரிடம் வேலை பார்த்தார். கொஞ்ச நாளில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஊர் திரும்பக் கையில் காசில்லாமல், தன் மெஷினையும் காப்புரிமைப் பத்திரத்தையும் லண்டனிலேயே அடகு வைத்துவிட்டு 1849-ல் கப்பல் ஏறினார். வந்தபோது மனைவி எலிசபெத் காசநோயில் சாகும் தறுவாயில் இருந்தார். இறுதிச் சடங்குக்குக் கடன் வாங்கிய உடையில்தான் போனார் என்று சொல்வார்கள்.

அந்தத் துக்கத்தோடு கடைத்தெருவைப் பார்த்தால், அவருடைய ஊசியும் ஷட்டிலும் உள்ள மெஷின்களைப் பலர் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சட்டப்படி உரிமை ஹோவுடையது. ஆனால் யார் தன் பொருளைக் காப்பியடிக்கிறார்கள் என்று அரசாங்கம் தேடித் திரியாது. உரிமைக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவர்தான் வழக்குப் போட வேண்டும், செலவும் அவருடையதே. ஹோவ் முதலில் செய்த வேலை, நூறு டாலர் திரட்டி லண்டனுக்கு அனுப்பி அடகை மீட்டது. அடுத்து, வழக்குக்குப் பணம் போட ஒருவரைப் பிடித்தார். ஜார்ஜ் பிளிஸ் என்ற அவர் ஃபிஷரின் பாதிப் பங்கை வாங்கிக்கொண்டு, ஈடாக ஹோவின் தகப்பனாருடைய பண்ணை நிலத்தையும் அடமானமாகக் கேட்டார். பெரியவர் சம்மதித்தார். வழக்கு தோற்றிருந்தால் மகனின் கண்டுபிடிப்போடு அப்பாவின் நிலமும் போயிருக்கும்.

எதிரிகளில் பெரியவர் சிங்கர். நாடக நடிகராக இருந்து மெக்கானிக் ஆனவர். அவரை வெறும் திருடர் என்று சொல்லிவிட முடியாது. ஹோவின் மெஷினில் ஊசி வளைந்திருக்கும், துணியைக் கம்பியில் குத்தித் தொங்கவிட வேண்டும், கொஞ்சம் தைத்ததும் நிறுத்தி மறுபடி மாட்ட வேண்டும். 1851-ல் காப்புரிமை பெற்ற சிங்கர் மெஷினில் ஊசி நேராக மேலும் கீழும் ஓடியது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதமும் இருந்தது. காலால் மிதித்தும் ஓட்டினார்கள். நாம் இன்று பார்க்கும் மெஷினின் உருவம் அதுதான். ஆனாலும் அதன் அடிப்படைத் தையல் ஹோவின் காப்புரிமைக்குள் வந்தது.

சிங்கர் தரப்பு வால்டர் ஹன்டைத் தேடிப் பிடித்தது. ஹோவுக்கு முன்பே இவர் செய்துவிட்டார், ஆகவே ஹோவின் காப்புரிமை செல்லாது என்பது வாதம். ஹன்டும் 1853-ல் விண்ணப்பம் போட்டார். முதலில் செய்தவர் ஹன்ட் என்று காப்புரிமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கைவிட்டதை இப்போது வந்து கோர முடியாது என்று சொல்லி, ஹோவின் உரிமையை நிலைநிறுத்தியது. 1854-ல் நீதிமன்றத்திலும் ஹோவ் வென்றார். சிங்கர் 15,000 டாலர் கட்டி உடன்பட்டார்.

அத்தோடு சண்டை முடிந்ததா? இல்லை. துணியை நகர்த்தும் பல் ஒருவருடைய காப்புரிமை, வேறொரு பாகம் இன்னொருவருடையது. மற்றவர் உரிமையைத் தொடாமல் ஒரு நல்ல மெஷினை யாராலும் செய்ய முடியவில்லை. எல்லோரும் எல்லோர் மேலும் வழக்குப் போட்டு, லாபம் வக்கீல் வீட்டுக்குப் போனது.

1856-ல் ஆல்பனி நகரில் வழக்குக்காக எல்லோரும் கூடியபோது, குரோவர் அண்ட் பேக்கர் கம்பெனியின் ஆர்லாண்டோ பாட்டர் ஒரு யோசனை சொன்னார்: காப்புரிமைகளையெல்லாம் ஒரே பொதுவில் போடுவோம், மெஷின் செய்ய விரும்புகிறவர் ஒரு மெஷினுக்கு 15 டாலர் கட்டிவிட்டுச் செய்யட்டும். அதில் ஹோவுக்கு 5 டாலர். ஹோவ் ஒரு நிபந்தனை வைத்தார்: குறைந்தது 24 தயாரிப்பாளர்களுக்காவது உரிமம் தர வேண்டும். நாலு கம்பெனிகள் மட்டும் சந்தையைப் பூட்டி வைக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். அதிகப் பேர் செய்தால் அவருக்கும் அதிக வருமானம் என்பதையும் மறக்க வேண்டாம்! இந்தக் கூட்டணி 1877 வரை நீடித்தது.

கூலி மெக்கானிக்காக இருந்தவர் சுமார் 20 லட்சம் டாலர் சம்பாதித்ததாகக் கணக்கிடுகிறார்கள். 1867 செப்டம்பரில் காப்புரிமைக் காலம் முடிந்தது. அடுத்த மாதம் 3-ஆம் தேதி ஹோவ் காலமானார். வயது 48.

இதிலிருந்து நம் சிறுதொழில்காரர்கள் எடுத்துக்கொள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஹன்ட் செய்ததைச் செய்யாதீர்கள். புதிதாக ஒன்று செய்தால், கண்காட்சியில் வைப்பதற்கும் வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கும் முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். நம் நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை. கடைப் பெயருக்கும் முத்திரைக்கும் ட்ரேட்மார்க் பதிவு 10 ஆண்டு, புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இரண்டு, பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. சந்தையைக் கவனியுங்கள். தேதி போட்ட வரைபடம், பில், கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். காப்பியடிப்பவரைக் கண்டால் உடனே வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்.

மூன்று, ஜெயிக்கிற நிலையில் இருக்கும்போதே சமாதானத்தையும் யோசியுங்கள். எதிராளியின் பட்டறையை மூடவைப்பதைவிட, அவர் செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் நமக்கு ஒரு தொகை வருவது பல நேரம் மேல்.

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்து, அடுத்தவர் அதைக் காப்பியடித்த அனுபவம் உண்டா? பெயர் வேண்டாம்; என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்று மட்டும் கமெண்டில் எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.