திராட்சைத் தோட்டமும் பனங்காடும்

புறநானூற்றில் இருவகைக் குடியைக் காண்கிறோம். ஒன்று, யவனர் கலத்தில் கொணர்ந்த நறுந்தேறல். அதனைப் பருகி இனிது வாழ்க எனப் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். மற்றொன்று, சிறிதளவே கிடைத்தபோது தகடூர் அதியமான் ஔவைக்கே ஈந்த கள். தகடூர் இன்றைய தருமபுரி; 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். கடல்கடந்து வந்த தேறலின் மரபு மேலைநாடுகளில் குடும்பப் பெயர் தாங்கிய தோட்டங்களாக நிலைபெற்றது. நம் சமவெளியின் கள்ளுக்கு அத்தகைய பேறு ஏன் வாய்க்கவில்லை?

திராட்சைத் தோட்டம் ஒன்று எங்ஙனம் உருவாகிறது என்பதை அண்டை மாநிலத்திலேயே காணலாம். கன்வல் குரோவர் என்னும் தொழிலதிபர், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில், ஷாம்பேன் நாட்டு வல்லுநர் ஜார்ஜ் வெசெல் துணையுடன் பிரெஞ்சு நாட்டுக் கொடிவகைகள் பலவற்றைப் பயிரிட்டுச் சோதித்தார். 1988-இல் நிறுவனம் தோன்றியது. பின்னர் மகன் கபில் குரோவர் பொறுப்பேற்றார். 2012-இல் நாசிக் பகுதி நிறுவனம் ஒன்றுடன் இணைந்து அது 'குரோவர் ஜம்பா' ஆயிற்று. நிலம், கொடி, பிழியும் ஆலை, புட்டியின்மேல் பெயர் ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தமையே அதன் தொடக்கம். திராட்சை மது பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். காத்திருக்கும் பொருளே பரம்பரைச் சொத்தாகிறது.

கள்ளோ காத்திராது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர். தடவாத கலயத்தில் இறங்கினால் கள். ஓரிரு நாள் கடந்தால் காடி. இயற்கை விதித்த இவ்வெல்லைக்கு மேல் ஆங்கிலேயர் ஆட்சி மற்றோர் எல்லையையும் விதித்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். மரம் நிலக்கிழாருடையது, ஏறுபவர் கூலிக்கு வந்தவர், கடை ஏலமெடுத்த குத்தகைதாரருடையது, வருவாய் கருவூலத்துடையது. உயிரைப் பணயம் வைத்துப் பாளை சீவியவருக்கு அந்தக் கள்ளில் பெயரும் இல்லை. அடுத்த ஆண்டுக்கு உறுதியும் இல்லை.

குடியால் அழிந்த இல்லங்களின் துயரமும் இதே சமவெளியில் நிகழ்ந்தது. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் கண்ட இராஜாஜி, மதுவிலக்குக்கென்றே 1929-இல் 'விமோசனம்' இதழைத் தொடங்கினார். கல்கி அதில் துணையாசிரியர். நம் உரைநடை வரலாற்றில் அவ்விதழுக்கு ஓரிடம் உண்டு. இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல்லும் அன்று அதில் அடக்கம். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது. பனையேறிகளுக்குப் பனைவெல்லத் தொழில் காட்டப்பட்டது. எனினும் தொழிலிழந்த குடும்பங்கள் அனைத்தையும் வெல்லம் தாங்கிவிடவில்லை.

1948-இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்த மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் ஆலைகளில் வடித்த மதுவை டாஸ்மாக் வழியே அரசே சில்லறையாக விற்கிறது. ஒரு பனை பாளை ஈனப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அத்துணைக் காலம்கூட நிலையாக நில்லாத சட்டத்தின்கீழ், எந்தக் குடும்பம் எதனை நம்பி மரம் வளர்க்கும்?

கள்ளுக்கு இசைவு வேண்டும் என உழவர்கள் கேட்டு வருகின்றனர். வேண்டும், வேண்டா என்னும் வழக்கு நெடிது. ஆயின் அதனுள் ஒரு வினா மறைந்து கிடக்கிறது: இசைவு வந்தால் மரம் யாருக்கு, கடை யாருக்கு? மீண்டும் ஏலமே வருமெனில், கலயம் மாறுமேயன்றி ஏறுபவரின் நிலை மாறாது. உள்ளதைப் பகிர்ந்துண்ட அதியமானின் நாட்டில் இவ்வினாவே முதலில் எழுப்பப்பட வேண்டியது என்பது என் எண்ணம்.