பனிக்கட்டியில் பிறந்த சிவப்பு

1880-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஹாலிடே குடும்பத்தார் ஒரு சிவப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். நாஃப்தாலில் நனைத்த பருத்தித் துணியை, ஐஸ் போட்டுக் குளிரவைத்த டயசோ கரைசலில் முக்கினால் நூலிழைக்குள்ளேயே நிறம் பிறக்கும். சாயக்காரர்கள் இவற்றுக்கு ‘ஐஸ் நிறங்கள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

டயசோ சேர்மங்களை 1858-இல் கண்டறிந்தவர் ஜெர்மானியரான பீட்டர் கிரீஸ். 1862 முதல் இறக்கும்வரை பர்ட்டன் நகரத்து பீர் ஆலையில் வேலை பார்த்தவர்! இன்று உலகில் புழங்கும் சாயங்களில் பாதிக்குமேல் அவர் காட்டிய வழியில் வந்த அசோ சாயங்களே.

வழி எளிது, பக்குவம் கடினம். அமிலத்தில் கரைத்த அமினில் சோடியம் நைட்ரைட்டைச் சிறுகச் சிறுக விடவேண்டும். சூடு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நைட்ரஜன் குமிழ் குமிழாக வெளியேறி, சரக்கு வீணாகும். உலரவிட்டால் பல டயசோ உப்புகள் வெடிக்கும். தொட்டியருகே நிற்பவர் ஸ்டார்ச்-அயோடைடு தாளில் ஒரு சொட்டு வைப்பார். உடனே நீலம் பூத்தால் நைட்ரைட் போதும்.

தொட்டி பெருத்தபோது இந்தக் கைப்பக்குவம் போதவில்லை. வினையில் பிறக்கும் வெப்பம் சுவர் வழியாகத்தான் வெளியேறவேண்டும். 2 மீட்டர் விட்டமும் அதே உயரமும் கொண்ட தொட்டியில், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் பக்கச்சுவர் வெறும் 20 சதுர சென்டிமீட்டர்.

1998 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் பேட்டர்சன் நகரில், ஒரு காலத்தில் பட்டுக்குப் பெயர்போன அந்த ஊரில், மஞ்சள் சாயம் தயாரித்த 2,000 கேலன் கொப்பரை கட்டுமீறி வெடித்தது. ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அது டயசோ வினை அல்ல. ஆனால் அதுவும் வெப்பம் உமிழும் வினைதான். மூலப்பொருளைப் படிப்படியாகச் சேர்க்கலாம் என்ற ஆரம்ப யோசனை கைவிடப்பட்டதையும், கொப்பரை பெரிதாக்கப்பட்டதையும் அரசு விசாரணை வெளிக்கொணர்ந்தது. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து.

தொடர் ஓட்ட முறை தொட்டியையே விலக்கிவிடுகிறது. பம்புகள் அமின், நைட்ரைட் கரைசல்கள் இரண்டையும் 1 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய்க்குள் தள்ளுகின்றன. இங்கே ஒரு லிட்டருக்கு 4 சதுர மீட்டர் சுவர்! டயசோ சேர்மம் உருவான கையோடு அடுத்த இணைப்பில் நாஃப்தாலைச் சந்திக்கிறது. வெளிறிய திரவம் கண்ணெதிரே சிவக்கிறது. சேமித்துவைக்க எதுவும் இல்லை. கரையாத நிறமி படிந்து குழாய் அடைப்பதுதான் பெரிய தலைவலி.

கூடுதல் சரக்கு வேண்டுமா? கூடுதல் நேரம் ஓட்டலாம், குழாய்களைக் கூட்டலாம். பேட்டர்சன் கொப்பரையின் கொள்ளளவு 7,500 லிட்டருக்கு மேல். பத்து மீட்டர் நீளக் குழாயில் எந்த நொடியிலும் இருப்பது 8 மில்லிலிட்டர், இரண்டு தேக்கரண்டிகூட இல்லை.