பெயரும் தொகையும்: கல்லூரி மாணவர் ஆவணங்களின் அந்தரங்கம் குறித்து, மரக்காணம் கடற்கரையை முன்வைத்து

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரின் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவ்வூரில் நடந்த வேதக் கல்லூரிக்கான ஏற்பாட்டை விவரிக்கிறது. இளநிலை மாணவர் 270 பேர்: ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலுக்கு 40 என்று பாடவாரியாகக் கணக்கு நீள்கிறது. மேல்நிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இளையவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரு நாழி. அறக்கட்டளை எங்கே போகிறது என்று கேட்பவருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. மாணவன் ஒருவனின் பெயர்கூட இல்லை.

அதற்குச் சற்று முந்தைய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வேறு வகை. கோயில் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரையும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை அது பொறித்து வைத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு நெல், ஆள் மறைந்தால் பங்கு யாருக்கு என்னும் சிக்கல் அங்கே இருந்தது; பெயர் தேவைப்பட்டது. எண்ணாயிரத்தில் தேவைப்படவில்லை. மாணவனின் அந்தரங்கத்தை மதித்துத்தான் சோழ அதிகாரி பெயரை விட்டான் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே படித்தவர்கள் பிராமணப் பிள்ளைகள் மட்டுமே; சாதியைத் தனியே எழுத வேண்டிய அவசியமே எழவில்லை. ஆனாலும் பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்ட ஒவ்வொருவரையும் ஊர் முன் நிறுத்த வேண்டியதில்லை என்பது, அதே விழுப்புரம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நடைமுறையில் இருந்திருக்கிறது.

இன்றைய மாணவர் ஆவணத்தைப் பார்க்க அதே மாவட்டத்துப் பிரம்மதேசத்துக்கு வருவோம்; அந்தப் பெயரில் எண்ணாயிரத்துக்கு அருகிலும் ஓர் ஊர் உண்டு. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசத்தை. உப்பளக் கூலி, மீன்பிடி, வயல் வேலை என்று பிழைக்கும் ஊர்கள் சூழ்ந்த இடம். இந்தப் பகுதியிலிருந்து திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்கோ வேறொரு கல்லூரிக்கோ சேரப் போகும் பெண்ணின் கையில் ஒரு ஃபைல் இருக்கும். மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்காக, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. அப்பாவின் ஆண்டு வருமானம் எவ்வளவு, வீட்டில் இவளுக்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பது, என்ன சாதி, கணக்கு எந்த வங்கியில் என்று அக்கம்பக்கத்தார் ஜாடையாகத் துருவும் எல்லாமே அந்த ஃபைலில் அரசு முத்திரையோடு கிடக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவை ஒட்டி எழுந்த சாதி மோதலில் மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அதை நேரில் கண்ட தலைமுறையின் பிள்ளைகள்தாம் இன்று கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இங்கே சாதிக் கட்டம் வெறும் புள்ளிவிவரக் கட்டமாக இருக்க முடியாது.

மாணவர் தரவு என்றதும் வல்லுநர்கள் ஹேக்கரையும் வெளிநாட்டு நிறுவனத்தையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கும் இடமுண்டு. ஆனால் இத்தகைய ஊர்களில் மாணவரின் ஆவணம் பெரும்பாலும் கசிவது கல்லூரிக்கு உள்ளேயே, தெரிந்தவர் கண்ணெதிரே என்பதே என் வாதம். ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் ஆபீசுக்கு வாங்க’ என்று வகுப்பு வாசலில் நின்று ஒருவர் கூப்பிடுவது, கட்டணம் கட்டாதோர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, வங்கிக் கணக்கில் குளறுபடி உள்ள பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, இவை எதற்கும் தொழில்நுட்பம் வேண்டாம். கெட்ட எண்ணமும் வேண்டாம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரமே போதும்.

இந்த இடத்தில் புதிய சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. அதன் தொடர்ச்சியாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பெயரிலேயே ‘டிஜிட்டல்’ இருக்கிறது. கணினியில் ஏறாத காகிதப் பதிவேடு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. வாய்விட்டுக் கூப்பிடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடுத்து, சட்டத்தின் அச்சாணி ஒப்புதல். உதவித்தொகை வேண்டுமானால் படிவத்தில் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவள் தரும் ஒப்புதலுக்கு என்ன பொருள்? சட்டத்தை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது போலும்: மானியம், உதவி, சான்றிதழ் வழங்க அரசு தரவைக் கையாளும்போது ஒப்புதலே வேண்டாம் என்று ஏழாம் பிரிவு விலக்குத் தருகிறது. ஏழை மாணவரின் ஃபைலில் பாதிக்கு மேல் அந்த விலக்குக்குள்தான் விழும்.

ஆகவே மாணவர் ஆவண அந்தரங்கத்துக்கு நம்மிடம் உள்ள கூர்மையான விதி, தரவுச் சட்டத்துக்கு வெளியே கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூனில் அது அளித்த பரிந்துரைகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றிய பகுதிதான் தொலைக்காட்சி விவாதங்களை நிரப்பியது. பேசப்படாமல் போன பகுதி வேறு: வருகைப் பதிவேட்டில் சாதி தொடர்பான கட்டமோ குறிப்போ இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதி சுட்டி அழைக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய பேச்சை நிறுவனத் தலைவர் தம் அறைக்கு அழைத்துத் தனியே நடத்த வேண்டும். பள்ளிகளை முதன்மையாக வைத்து எழுதப்பட்டாலும், கல்லூரிக்கு இவை இன்னும் நன்றாகப் பொருந்தும். எதைச் சேகரிக்கலாம் என்று கேட்பதோடு நிற்காமல், யார் முன்னால் எதைச் சொல்லலாம் என்று இந்த விதி கேட்கிறது. ஐ.ஐ.டி. பம்பாய் 2023இல் தன் மாணவர்களிடம், ஒருவர் மற்றவரின் நுழைவுத்தேர்வு ரேங்க்கைக் கேட்க வேண்டாம் என்று வழிகாட்டியதும் இதே திசையில்தான். ரேங்க்கிலிருந்து சாதியைக் கணிக்க அங்கே நொடி போதும்.

மாணவரின் ஆவணத்தில் பெற்றோருக்கு என்ன உரிமை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1974இல் வந்த கல்வி ஆவண அந்தரங்கச் சட்டம், மாணவர் கல்லூரியில் சேர்ந்ததுமே ஆவண உரிமையைப் பெற்றோரிடமிருந்து அவருக்கு மாற்றிவிடுகிறது, வயது பதினெட்டு ஆகாவிட்டாலும். (பெற்றோரின் வருமானவரிக் கணக்கில் சார்ந்திருப்பவர் என்றால் அவர்களிடம் காட்டலாம் என்ற விலக்கு உண்டு, மீறினால் மாணவர் நேரடியாக வழக்குப் போடவும் முடியாது என்று 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.) நம் சட்டம் பிறந்த தேதியைப் பார்க்கிறது. விலக்குகளுக்குள் வராத இடங்களில், முதலாண்டில் பதினேழு வயதில் வருபவளின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஆண்டு நடுவே ஒரு நாள் காலை அது வேண்டாததாகிவிடும். வருகை குறைந்தால் வீட்டுக்குப் போகும் குறுஞ்செய்தி மட்டும் அன்றைக்கும் நிற்காது. படிப்பை நிறுத்திக் கல்யாணம் முடிக்கக் காரணம் தேடும் வீடுகளில் அந்தச் செய்தி என்ன செய்யும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

மறுபக்க ஆபத்து இதைவிடச் சிறியதல்ல. அந்தரங்கம் என்ற சொல்லை மாணவரைவிட நிறுவனங்கள் வேகமாகக் கற்றுக்கொள்கின்றன. திருத்திய விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அதுவரை தேர்வு வாரியங்கள் அதை ரகசியமாகவே வைத்திருந்தன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் 1978ஆம் ஆண்டு பி.ஏ. பதிவேடுகளைப் பார்வையிடலாம் என்ற தகவல் ஆணைய உத்தரவை 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, பட்டமும் மதிப்பெண்ணும் தனிநபர் தகவல் என்றது. அதே ஆண்டு நவம்பரில், தரவுச் சட்டத்தின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவு திருத்தப்பட்டு, அந்தப் பிரிவிலேயே இருந்த பொதுநலன் விலக்கு நீக்கப்பட்டது. பொதுநலனுக்கு இடம்தரும் 8(2) பிரிவு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்றாலும், தகவல் கேட்பவரின் சுமை கூடிவிட்டது. 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டில் இது உறுத்த வேண்டும்.

காரணம், 69 விழுக்காடு இடஒதுக்கீடு நேர்மையாக நடக்கிறதா என்பதை ஊர் சரிபார்த்தாக வேண்டும். தரவரிசைப் பட்டியலை மூடிவைத்தால் முறைகேட்டுக்குத்தான் வசதி. பெயரோடும் சாதியோடும் இணையத்தில் போட்டால் அந்தப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் தேடலில் கிடைக்கும், பெண் பார்க்க வருபவனுக்கும் வேலைக்கு எடுப்பவனுக்கும். எண்ணாயிரத்து முறை இங்கே உதவும். விண்ணப்ப எண், இனப்பிரிவு, கட்-ஆஃப் ஆகியவற்றை வெளியிட்டால் போதும். பெயர் உள்ள முழுப் பட்டியலைக் கல்லூரியில் வைத்து, ஆட்சேபம் எழுப்பும் விண்ணப்பதாரர் வந்து பார்க்க வழிசெய்யலாம். சேர்க்கை முடிந்ததும் இணையப் பட்டியலை எடுத்துவிட வேண்டும்.

ஆனால் தொகையும் சில இடங்களில் பெயரைக் காட்டிக்கொடுக்கும். பழங்குடியினருக்கு ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. அறுபது இடமுள்ள ஒரு துறையில் எஸ்.டி. பிரிவில் ஒருவர் சேர்ந்தார் என்று அறிவித்தால், திண்டிவனம் வட்டாரத்தில் அது எந்த இருளர் குடியிருப்புப் பிள்ளை என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். சாதிச் சான்றிதழ் வாங்குவதே இருளர்களுக்குப் பெரும்பாடு. அதற்காகப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்காக அதிகாரிகளிடம் நடந்திருக்கின்றன. அப்படிப் பெற்ற காகிதம் வகுப்பறையில் அடையாளக் குறியாக மாறக் கூடாது. எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள பிரிவுகளைத் துறைவாரியாகக் காட்டாமல் கல்லூரி முழுமைக்கும் சேர்த்துக் காட்டுவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் உலகெங்கும் பின்பற்றும் பழைய உத்தி.

கடைசியாக, ஃபைல் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வி. விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், 2002க்குப் பிறகு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலும் இணைந்திருந்தன. 2021இல் விழுப்புரத்துக்கென ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, அதே ஆண்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. பதிவு ஒன்றில் தந்தை பெயரோ பிறந்த தேதியோ பிழையாக இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையைத் தரவுச் சட்டம் தருகிறது. பிரம்மதேசத்துப் பழைய மாணவர் அதை வேலூரில் கேட்பதா, சிதம்பரத்தில் கேட்பதா? இணைவு உத்தரவு ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டுப் பதிவேடு எங்கே போகிறது, அதைத் திறந்து பார்க்க அதிகாரம் உள்ள பதவி எது, திருத்தம் கேட்டால் எத்தனை நாளுக்குள் பதில் என்று மூன்று வரி சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. உயர்கல்வித் துறையின் ஓர் அரசாணையே போதுமானது.