இருவாச்சிக் கூட்டைக் காவல் காப்பது யார்?

பேராக்கின் வடகோடியில், தாய்லந்து எல்லையை ஒட்டி இருக்கிறது பெலும்-தெமெங்கோர் காடு. மலேசியாவின் 10 வகை இருவாச்சிப் பறவைகளும் அங்கே உண்டு. (பார்ப்பதற்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேணும்!)

முட்டையிடும் நேரத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு மட்டும்தான் மிச்சம். அதன் வழியே ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் ஊட்டும்.

அந்த ஆண் பறவையை யாராவது சுட்டுவிட்டால்? பல வகைகளில் ஊட்ட வேறு துணை கிடையாது. உள்ளே தாயும் குஞ்சும் பட்டினிதான்.

எந்த மரத்தில் பொந்து என்பது அங்குள்ள ஓராங் அஸ்லி மக்களுக்கு அத்துப்படி. அதனால் மலேசிய இயற்கைச் சங்கம் அவர்களையே கூட்டுக்குக் காவலாகச் சேர்த்துக்கொண்டது.

அங்கே போகிறீர்களா? பயணக் கதையைத் தாராளமாகப் பகிருங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். வேட்டைக்காரரும் அதைப் பார்ப்பார்.