மணிக்கட்டின் விலை: ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரரும் மேன்முறையீட்டு உரிமையும்

1

போரில் ஊனமுற்ற படைவீரனுக்கு அரசு வழங்கும் இழப்பீட்டை நன்றிக்கடன் என்று பேசுவது மரபு. ஆயின் அவ்விழப்பீட்டின் வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு அது பெரிதும் அளவீட்டின் வரலாறாகவே தோன்றும். காலிழந்தவனின் ஊனத்தை எவரும் கண்ணாற் காணலாம். மணிக்கட்டினதும் கைவிரல்களினதும் நிலை வேறு. கை இருக்கும், அதன் தொழில் குன்றியிருக்கும். பரிசோதனை மேசையில் வளைந்து கொடுக்கும் மணிக்கட்டு, சுத்தியலைப் பற்றும்போது நோவெடுத்துத் தளரும். இந்நிலையில் எவர் கூற்று சான்றாகக் கொள்ளப்படும்? அளப்பவர் கூற்றா, நோவுறுபவர் கூற்றா? ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1862ஆம் ஆண்டு ஜூலையில், ஓய்வூதியச் சட்டமொன்று நிறைவேறியது. உடலுழைப்பாற் சீவனம் நடத்தும் ஆற்றலை முற்றாக இழந்த சாதாரண போர்வீரனுக்கு மாதம் 8 டொலர் என அது விதித்தது. 1864இல் இரு கைகளையும் இழந்தவருக்கு 25 டொலரும், 1866இல் ஒரு கையை இழந்தவருக்கு 15 டொலரும் நிர்ணயிக்கப்பட்டன. பின்னது 1872இல் 18 டொலராயிற்று. உழைக்கும் மனிதனின் உறுப்புகளுக்கு விலைப்பட்டியல் ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று ஈண்டு நோக்கற்பாலது. 1865இல் நியூ யோர்க்கைச் சேர்ந்த வில்லியம் ஓலண்ட் போர்ண் என்னும் பத்திரிகையாசிரியர், வலக்கையை இழந்த படைவீரருக்கென இடக்கை எழுத்துப் போட்டியொன்றை அறிவித்தார். மொத்தப் பரிசு 1000 டொலர். எழுதப் பழகினால் எழுதுவினைஞர் வேலையேனும் கிட்டும் என்பது அதன் உட்கிடை. ஏர்பிடித்த கையையும் இயந்திரம் ஓட்டிய கையையும் இழந்தோர் புதிய கையொன்றைப் பயிற்றித் தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டோர் உள்நாட்டலுவல் திணைக்களச் செயலாளருக்கு மேன்முறையிடலாம். அங்கும் தோற்றவர்கள் காங்கிரசை அணுகித் தமக்கெனத் தனி மசோதா கொண்டுவரச் செய்தனர். சனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் தம் முதற் பதவிக்காலத்தில் (1885–1889) இத்தகைய மசோதாக்களுள் இருநூறுக்கு மேற்பட்டவற்றை நிராகரித்தார். அடிமைத்தளையிலிருந்து படைக்கு வந்த கறுப்பின வீரர் பலர், எழுத்துச் சான்றுகள் இன்மையால் மேலும் இடர்ப்பட்டனர். எழுத்தறிவு மறுக்கப்பட்டோரிடமே எழுத்துச் சான்று கேட்கப்பட்டது.

3

முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917ஆம் ஆண்டுச் சட்டம் புதியதோர் அளவுகோலைக் கொணர்ந்தது. குடிசார் தொழில்களில் ஓர் ஊனம் விளைவிக்கும் சராசரி வருவாய்க் குறைவே இழப்பீட்டுக்கு அடிப்படையாயிற்று. தனிமனிதன் தன் முயற்சியால் ஊனத்தை வென்று உழைத்தாலும் அதற்காக அவன் தொகை குறையாது. இது முற்போக்கான ஏற்பாடே. ஆனால் அச்சுக்கோப்பவனின் விரலும் ஆசிரியனின் விரலும் சராசரிக் கணக்கில் ஒன்றாகிவிட்டன. 1924ஆம் ஆண்டுச் சட்டம் படையிற் சேருமுன் அவன் செய்த தொழிலையும் கருத்திற் கொள்ளுமாறு பணித்தது. பொருளாதார நெருக்கடியின் மத்தியில் 1933இல் இயற்றப்பட்ட சிக்கனச் சட்டத்தின் பின் அம்முறை கைவிடப்பட்டது. சராசரி மனிதன் மீண்டும் அட்டவணையில் அமர்ந்தான்.

1945ஆம் ஆண்டு அட்டவணை அடுத்துவந்த தலைமுறைகளுக்கு அடித்தளமாயிற்று. அதன் பிற்கால வடிவில், மணிக்கட்டு மேல்நோக்கி 70 பாகையும் உள்ளங்கைப் பக்கமாக 80 பாகையும் வளைவதே இயல்பு. மேல்நோக்கிய வளைவு 15 பாகைக்குக் குறைந்தால் 10 வீத ஊனம். மூட்டு முற்றாக இறுகிப்போனால், இறுகிய நிலைக்கேற்ப, வலக்கைப் பழக்கமுள்ளவரின் வலக்கைக்கு 30 முதல் 50 வீதம். இடக்கைக்கு 20 முதல் 40 வீதம். 15 பாகைக்குக் கீழ் எவ்வளவு குறைந்தாலும், மூட்டு இறுகும்வரை 10 வீதத்துக்கு மேற் படியில்லை. பிற்கால மேன்முறையீடுகள் பலவற்றின் சிக்கல் இவ்விடைவெளியிலேயே பிறந்தது.

சராசரி மனிதனுக்கும் எல்லையுண்டு. அமெரிக்கத் தலைமையின் கீழ் யப்பானியரை எதிர்த்துப் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரரின் உரிமைகளுட் பெரும்பாலானவற்றை 1946ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சிய ஊன இழப்பீடும் ஒரு டொலருக்கு ஒரு பீசோ என்ற கணக்கிலேயே வழங்கப்பட்டது. பீசோவின் பெறுமதி அப்போது அரை டொலர். ஒரே போரில் உடைந்த ஒரே மணிக்கட்டுக்கு இரு விலைகள் இருந்தன.

4

1933ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றக் கதவையும் அடைத்தது. அவ்வாண்டே நிறுவப்பட்ட முன்னாட் படைவீரர் மேன்முறையீட்டுச் சபையின் முடிவே இறுதியானது. சட்டத்தரணியின் கட்டணமோ 1864இல் விதிக்கப்பட்ட 10 டொலர் உச்சவரம்பிலேயே நின்றது. வீரனைச் சுரண்டலிலிருந்து காக்கவென எழுந்த விதி, ஒரு நூற்றாண்டின் பின் அவனுக்குச் சட்டத்தரணியே கிட்டாதபடி செய்தது. 1985இல் உயர் நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. வியற்நாம் போரிலிருந்து மீண்டோரின் கிளர்ச்சிகளும் அழுத்தங்களும் தொடர்ந்தன. 1988இல் நீதிமுறை மீளாய்வுச் சட்டம் நிறைவேறியது. இம்மேன்முறையீடுகளுக்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியது.

அந்நீதிமன்றத்தில் நோவு முதன்முறையாக விரிவான சட்ட விசாரணைக்குரிய பொருளாயிற்று. பாகைகளை மட்டும் குறித்தல் போதாது, நோவினாலும் அது மிகும் வேளைகளிலும் ஏற்படும் தொழிற்குறைவையும் பரிசோதகர் கணிக்கவேண்டும் என 1995இல் அது தீர்ப்பளித்தது. எனினும் 1997இல் மணிக்கட்டு வழக்கொன்றில் எல்லை வெளிப்பட்டது. அசைவுக் குறைவுக்குரிய உச்சமான 10 வீதத்தை ஏற்கெனவே பெறுபவருக்கு நோவு பற்றிய இவ்விதியாற் பயனில்லை என்று முடிவாயிற்று. நோவு ஏற்கப்பட்டது, ஆனால் அதனை எழுத அட்டவணையில் இடமிருக்கவில்லை.

சேவைக்காலப் பதிவேடு பற்றிய போராட்டமும் உடன்நிகழ்ந்தது. தட்டச்சுப் பொறியிலோ அதிரும் கருவியிலோ நெடுங்காலம் உழைத்தவரின் மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டு, விரல்கள் இரவில் மரத்துப்போகும். அந்நோய் மெல்ல முதிர்வது. முகாமில் வைத்தியரிடம் சொல்லாமற் பொறுத்துக்கொண்டவரும் உளர். அக்கால வைத்தியப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் வீரனின் வாக்குமூலத்தைத் தள்ளிவிட முடியாதென 2006இல் மேல்நீதிமன்றம் கூறியது. நோய்ப்பெயர் சூட்டப்படாவிடினும், தொழிலைக் குன்றச்செய்யும் நோவு ஊனமாகலாம் என 2018இல் மேலும் ஒரு தீர்ப்பு வந்தது. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மறுப்புற்றவருக்குப் புதிய சான்றுடன் மீளக் கோரல், உயர் அதிகாரியின் மீளாய்வு, சபைக்கு மேன்முறையீடு என மூன்று வழிகளை வகுத்தது.

5

இவ்வீரருட் பலர் பிற நாட்டு மக்களின் மீது தொடுக்கப்பட்ட போர்களில் ஏவப்பட்டவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. வியற்நாமின் கிராமங்களில் உடைந்த கைகளுக்கு இவ்வட்டவணையில் வீதம் ஏதும் குறிக்கப்படவில்லை. எனினும் அப்போர்களைத் தீர்மானித்தோர் வேறு, அவற்றில் உடலைக் கொடுத்தோர் வேறு. பின்னவருள் மிகப்பலர் கையுழைப்பால் வாழ்ந்தோர்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று. அட்டவணை இன்றேல் அதிகாரியின் மனம்போன போக்கே ஆட்சி செய்யும். கிளீவ்லண்ட் காலம் அதற்குச் சான்று. அட்டவணை மட்டுமே ஆளின், அதில் எழுதப்படாத துன்பம் இல்லாத துன்பமாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே உழைப்பாளி தன் சொல்லைச் சான்றாக்கப் போராடிப் பெற்ற கருவியே மேன்முறையீட்டுரிமை. 1862இற்கும் 1988இற்கும் இடையே 126 ஆண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் கைகள் நோவெடுத்தே இருந்தன.