தரையடி வெளி

தரையடி வெளி என்பது நிலத்துக்கும் வீட்டின் கீழ்த்தள மரத்தரைக்கும் இடையே, ஒருவர் தவழ்ந்து செல்லும் அளவுக்கு விடப்படும் இடைவெளி ஆகும். வட அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் இது உண்டு. தமிழ்நாட்டில் பொதுவாக அடித்தளச் சுவர்களுக்கிடையே மண் நிரப்பித் தரை அமைக்கப்படுவதால், கனடா போன்ற நாடுகளில் குடியேறிய தமிழருக்கு இது புதிய அமைப்பாகும்.

தரை குளிர்வதன் காரணம்

குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலெழுந்து மேல்தள இடுக்குகள் வழியே வெளியேறும். அதற்கு ஈடாகக் கீழிருந்து குளிர்காற்று தரை இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்படும். கம்பளம் காலுக்கு இதமளிக்குமே தவிர இதனை நிறுத்தாது.

சீரமைக்கும் முறை

1. நீர்க்கசிவை நீக்கி, மண்ணைப் பாலிஎத்திலீன் தாளால் மூடுதல்.
2. குழாய்களும் மின்கம்பிகளும் தரையினூடே செல்லும் துளைகளை அடைத்தல்.
3. தரையின் அடிப்பகுதிக்கோ, வெளியைச் சூழ்ந்த சுவர்களுக்கோ வெப்பக்காப்பு இடுதல். சுவர்களுக்கு இடும்போது அவற்றிலுள்ள காற்றுத்துளைகளும் மூடப்படும்.

கவனிக்க வேண்டியவை

இவ்வரிசை முக்கியமானது. ஈரம் நீங்குமுன் காப்பு இட்டால் பூஞ்சணம் படர்ந்து, தரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் இற்றுப்போகும். தரைக்கு மட்டும் காப்பு இட்டால் கீழுள்ள வெளி முன்னைவிடக் குளிரும். அங்குள்ள நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கக்கூடும். எனவே குழாய்களுக்கும் தனிக்காப்பு தேவை. வெளியினுள் எரிவாயு உலை இருப்பின், காற்றுத்துளைகளை மூடுவதால் நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்து உண்டு.