தண்டித்தவனின் கோப்பு

1791 இல் 'குவீன்' என்ற கப்பல் அயர்லாந்திலிருந்து நேரே கைதிகளைச் சிட்னிக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து அங்கே கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 40,000 பேர்.

அவர்களின் அவுஸ்திரேலியச் சந்ததியினர் பூட்டனின் ஊரைத் தேடிப்போனால் முதலில் காண்பது சாம்பலைத்தான். 1922 இல், உள்நாட்டுப் போரில், டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையான குடிசனக் கணக்குகளில் பெரும்பகுதி அத்தோடு போயிற்று.

டப்ளின் கோட்டையில் பிரித்தானிய ஆட்சியினர் வைத்திருந்த தாள்களோ தப்பின: 1836 முதலான நாடுகடத்தற் பதிவேடுகள், கைதிகளின் கருணை மனுக்கள். புருஷனிடம் தன்னையும் பிள்ளைகளையும் அனுப்பும்படி மனைவி கேட்ட மனுக்களும் அவற்றுள் உண்டு. ஊரும் உறவும் இன்று அங்கேதான் அகப்படுகின்றன.

ஒரு குடும்பத்தின் வேரைக் காத்துவைத்தது தண்டித்தவனின் கோப்பு. அதிலே அந்தக் குடும்பம் மன்றாடும் குரலில் மட்டுமே பேசுகிறது.